பெரிசு சொன்னா கேளு

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில உட்காரு. சோளக்காட்டுச் சந்தைக்குப் போற வழியில உன் ஹோம்ஸ்டேக்கு நீ மாட்டியிருக்கிற போர்டைப் பார்த்தேன். கிழவனுக்கு இங்கிலீசு தெரியாதுங்கற தைரியத்துலதானே எழுதினே? உன் தங்கச்சியைப் படிக்கச் சொன்னேன். அது சும்மா படிக்கல. போன்ல அகராதியைத் தொறந்து, எந்தச் சொல்லு எங்க பொறந்தது, எதுக்குப் பொருந்தும்னு ஒவ்வொண்ணா வாசிச்சுக் காட்டுச்சு. பொழுது போனதே தெரியல. சினிமாவே தோத்துச்சு போ.

வாஸ்ட் ரூம். இம்மென்ஸ் காப்பித் தோட்டம். எனார்மஸ் பிரேக்ஃபாஸ்ட். மாசிவ் வியூ. கொலாசல் கேம்ப் ஃபயர். இருக்கிறது மூணு ரூம். அதுக்கு அஞ்சு பெரிய சொல்லு. போர்டைக் கழட்டச் சொல்ல நான் வரலைப்பா. என் புத்தியைக் கேட்டா இன்னும் நாலு சொல்லு சேர்த்துக்கோன்னுதான் சொல்லுவேன். எழுதறதை மட்டும் இன்னதுன்னு தெரிஞ்சு எழுது. அஞ்சும் ஒரே பெரிசுன்னு நீ நெனைச்சிருக்கே. அஞ்சும் அஞ்சு ஜாதிப் பெரிசு.

முதல்ல வாஸ்ட். லத்தீன்ல 'வாஸ்டுஸ்'னா வெறிச்சோடிக் கெடக்கறது, பாழாக் கெடக்கறதுன்னு அர்த்தமாம். குப்பையை வேஸ்ட்டுன்னு சொல்றோமே, அதுவும் இதே வயித்துல பொறந்த சொல்லுதான். அதனாலதான் வெள்ளைக்காரன் இதைக் கடலுக்கும் வானத்துக்கும் பாலைவனத்துக்கும் வெச்சிருக்கான். கண்ணுக்கு எட்டுன வரைக்கும் தடுக்க ஒண்ணுமில்லாம விரிஞ்சு கெடந்தா வாஸ்ட். உன் ரூமுல கட்டிலைப் போட்டதுக்கப்புறம் கதவு பாதிதான் தொறக்குது. ஆனா ஒரு விதத்துல நீ உண்மையைத்தான் எழுதியிருக்கே. சனி ஞாயிறு போக மத்த நாள்ல அது வெறிச்சோடித்தானே கெடக்கு!

அடுத்தது இம்மென்ஸ். அளக்காதது, அளந்து மாளாததுன்னு பொருள். ரோட்டோரமா போர்டு மாட்டி 'எங்க தோட்டம் அளக்காத தோட்டம்'னு எழுதி வெச்சிருக்கியே, முதல்ல யாரு வருவாங்கன்னு யோசிச்சியா? டூரிஸ்ட் இல்ல, சர்வேயர். பட்டாவுல இருக்கிறது இம்புட்டு, வேலி போட்டிருக்கிறது இம்புட்டுன்னு அவன் நாடாவைப் பிடிச்சான்னா உன் இம்மென்ஸ் அன்னிக்கே அளவுக்கு வந்துரும். இம்மென்ஸை மனசுக்குள்ள இருக்கிறதுக்கு வெச்சுக்கோ. சந்தோசம், நன்றிக்கடன், கடன் தீர்ந்த நிம்மதி, இதையெல்லாம் எந்த நாடாவும் அளக்காது. கூட்டத்துல மைக்கைப் பிடிக்கிறவங்க 'இம்மென்ஸ் ப்ளெஷர்'னு ஆரம்பிக்கிறது அதுக்குத்தான். அவருக்கு எவ்வளவு ப்ளெஷர்னு யாரு போய் அளக்கறது?

எனார்மஸ் இருக்கே, அதுல ஒரு வில்லங்கம் இருக்கு. 'நார்மா'ன்னா லத்தீன்ல மூலைமட்டம். ஆசாரி சதுரம் பார்க்க வெச்சுப் பார்ப்பாரே, அது. நார்மல்ங்கற சொல்லும் அதுல வந்ததுதான். மூலைமட்டத்துக்கு அடங்காம வெளிய துருத்திக்கிட்டு நின்னா எனார்மஸ். முறை தப்புனது, வரம்பு மீறினதுன்னுதான் முதல்ல பொருள். அப்புறம் அந்த வாடை தேஞ்சு, வெறும் பெரிசுன்னு ஆயிருச்சு. ஆனா அதோட கூடப்பொறந்த 'எனார்மிட்டி' இன்னும் அந்த வாடையை விடல. படிச்சவங்க அதைப் பெருங்கொடுமைங்கற இடத்துலதான் வைப்பாங்க. உன் எனார்மஸ் பிரேக்ஃபாஸ்ட் என்னன்னு எனக்குத் தெரியாதா? நாலு இட்லி, தண்ணிச் சட்னி. அந்தச் சட்னியைத் தின்னுட்டு எவனாவது எனார்மிட்டின்னு எழுதிட்டுப் போனா, எழுத்துப் பிழைன்னு நெனைச்சு ஏமாந்துராதே.

மாசிவ்தான் எனக்குப் பிடிச்சது. கிரேக்கத்துல 'மாசா'ன்னா பார்லி மாவைப் பிசைஞ்சு பிடிச்ச உருண்டையாம். அதுல வந்தது மாஸ், மாஸுல வந்தது மாசிவ். கனமா, கெட்டியா, ஒரே பிண்டமா இருக்கணும். பாறை மாசிவ். கோயில் தூண் மாசிவ். ஆசுபத்திரியில 'மாசிவ் அட்டாக்'னு சொன்னா வீட்டு ஆளுங்க நெஞ்சுல அந்தக் கனம் அப்படியே எறங்குதுல்ல? வியூங்கறது என்ன? காத்தும் வெளிச்சமும் மூடுபனியும். அதுல கனம் எங்க இருக்கு? அதே போர்டுல 'மாசிவ் ராகிக்களி'ன்னு எழுதியிருந்தேன்னா, கிரேக்கத்துக்காரனே எந்திரிச்சு வந்து ரூம் எடுத்திருப்பான். உருண்டையையும் விட்டுட்டே, சொல்லையும் விட்டுட்டே.

கொலாசல். ரோட்ஸ்னு ஒரு தீவு. அங்க சூரியசாமிக்கு வெண்கலத்துல ஒரு சிலை வெச்சாங்க, கி.மு. 280 வாக்குல. உயரம் கிட்டத்தட்ட 33 மீட்டர். அதுக்குப் பேரு கொலோசஸ். உலக அதிசயம் ஏழுல ஒண்ணுன்னு பேரு வாங்குச்சு. அறுபது வருசம்கூட நிக்கல. கி.மு. 226-ஐ ஒட்டி ஒரு பூகம்பம். முட்டியோட ஒடிஞ்சு விழுந்துருச்சு. சொல்லு மட்டும் நின்னுக்கிச்சு. ஆனா பாரு, இன்னிக்கும் பேப்பர்காரன் கொலாசல்னு எழுதுனா பெரும்பாலும் பின்னாடி வர்றது நஷ்டம், தப்பு, தோல்வி. விழுந்த ராசி சொல்லுலயும் ஒட்டிக்கிச்சோ என்னமோ. கேம்ப் ஃபயருக்கு அதைப் போடாதே. நெருப்பு நெசமாவே கொலாசலா எரிஞ்சா வனத்துறைக்காரங்க வருவாங்க. உன் போர்டையே சாட்சியா எடுத்துக்குவாங்க.

நாலு சொல்லு சேர்த்துக்கோன்னு சொன்னேன்ல, அதையும் கேட்டுக்கோ. ட்ரெமெண்டஸ்: நடுங்க வைக்கிறது. நம்ம கொல்லிமலை ரோட்டுல 70 கொண்டை ஊசி வளைவு இருக்கே, வண்டி ஓட்டத் தெரியாதவன் பக்கத்துல உட்கார்ந்து ஏறி வர்றவனுக்கு அந்தச் சொல்லு பொருத்தம். ஜைஜாண்டிக்: ராட்சச உடம்பு. டைட்டானிக்: அதுவும் கிரேக்கத்து ராட்சச வம்சம்தான். ஆனா 1912-க்கு அப்புறம் அந்தப் பேரைத் தண்ணிப் பக்கமே கொண்டு போகக்கூடாது. வாசலூர்பட்டி படகு இல்லத்துல எவனாவது அந்தப் பேரை எழுதுனா, நான் கரையிலயே நின்னு டாட்டா காட்டிட்டு வந்துருவேன்.

நாலாவது ஜம்போ. லண்டன் மிருகக்காட்சிச் சாலையில ஒரு ஆப்பிரிக்க யானை இருந்துச்சு. பேரு ஜம்போ. 1882-ல பார்னம்னு ஒரு அமெரிக்க சர்க்கஸ் முதலாளி அதை வெலைக்கு வாங்கிட்டுப் போனார். லண்டன்ல பிள்ளைங்களெல்லாம் அழுது ராணிக்கே கடுதாசி போட்டுச்சுங்க. மூணு வருசத்துல, 1885-ல, கனடாவுல ரயில் மோதிச் செத்துப்போச்சு. அந்த மனுசனுக்கு விளம்பரம் செய்யற கை இருந்ததால, யானை பேரு உலகத்துக்கே அளவுப் பேரா ஆயிருச்சு. ஜம்போ ஜெட், ஜம்போ சிப்ஸ் பாக்கெட்டு. பாக்கெட்டைப் பிரிச்சா முக்காவாசி காத்து. யானை செத்த துக்கத்தைவிட அது பெரிய துக்கம்.

இன்னொண்ணு லார்ஜ். உலகத்துல அத்தனை பெரிசும் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே இடத்துல மட்டும் பெரிசுக்குத் தெளிவா கணக்கு இருக்கு. ஸ்மால்னா 30 மி.லி., லார்ஜ்னா 60 மி.லி. அங்க போயி 'எனக்கு ஒரு வாஸ்ட் குடு'ன்னு கேட்டுப் பாரு. அளவு தெரிஞ்ச ஊருல வெட்டிச் சொல்லு செல்லாது. உங்க பாட்டி காதுல விழாம சொல்றேன், எனக்கு இது எப்படித் தெரியும்னு நீ கேட்கக்கூடாது.

உன் போனுலயும் அதே கதைதான். மெகான்னா கிரேக்கத்துல பெரிசு. ஜிகான்னா ராட்சசன். டெரான்னா பூதம், விகாரம். விஞ்ஞானிங்க பார்த்தாங்க, இந்தச் சொல்லையெல்லாம் இப்படி அவுத்துவிட்டா ஆபத்துன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண்ணைக் கட்டிவிட்டாங்க. மெகான்னா பத்து லட்சம், ஜிகான்னா நூறு கோடி, டெரான்னா லட்சம் கோடி. ஜிகாவும் டெராவும் 1960-ல உலகக் கணக்குல ஏறுச்சு. அதுவும் பத்தாம 2022-ல குவெட்டான்னு ஒண்ணைச் சேர்த்தாங்க. ஒண்ணுக்குப் பின்னால முப்பது சைபர். அங்க பூதத்தைக் கட்டிப் போட்டாங்க. நம்ம பக்கம் மெகா தள்ளுபடி, மெகா சீரியல், மெகா கூட்டணின்னு கயித்தை அவுத்துவிட்டோம். மெகா கூட்டணியில பத்து லட்சம் கட்சியா இருக்கு?

இங்கிலீசைத்தான் கிழவன் கிண்டல் பண்றான்னு நெனைக்காதே. சுவத்துல ஒட்டியிருக்கிற நம்ம தமிழைப் படி. எல்லாமே மாபெரும். மாபெரும் பொதுக்கூட்டம், மாபெரும் கோலப்போட்டி, மாபெரும் கண் சிகிச்சை முகாம். 'மா'ன்னாலும் பெரிசு, 'பெரும்'னாலும் பெரிசு. ஒரு பெரிசு பத்தாம ரெண்டைக் கட்டி இழுக்கறான். 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டுன்னு வெச்சுச்சே, நம்ம சாமைக்கும் தினைக்கும் கேழ்வரகுக்கும் அன்னிக்குத்தான் மவுசு வந்துச்சு. எவனாவது 'மாபெரும் சிறுதானியத் திருவிழா'ன்னு போஸ்டர் அடிச்சா, சாமைக்கு அது பெரிசா சிறுசான்னு குழப்பம் வந்துரும்.

பிரம்மாண்டம்னு சினிமாக்காரன் சொல்றான். அண்டம்னா முட்டை. பிரம்மன் முட்டை, அதாவது மொத்தப் பிரபஞ்சம். 'பிரம்மாண்டமான கல்யாண மண்டபம்'னா, மண்டபத்துக்கு வெளிய நட்சத்திரம்கூட மிச்சம் இருக்கக்கூடாது. உன் பிரேக்ஃபாஸ்ட்டுல ஆம்லெட் போட்டா அதுக்கு வேணா 'பிரம்மாண்டம்'னு போட்டுக்கோ. முட்டையாவது இருக்கும்.

இமாலயம்னு ஒண்ணு. காந்தி 1919-ல தன்னோட கணிப்பு தப்பாப் போச்சுன்னு சொல்லும்போது, அதை இமாலயத் தவறுன்னார். தன் தப்புக்குத்தான் அவர் அந்த மலையைத் தூக்கி வெச்சார். நம்மாளு தன் வெற்றிக்கு வெச்சுக்கறான். வார்டு எலெக்ஷன்ல மயிரிழையில தப்பிச்சவனும் இமாலய வெற்றி! இமயத்தோட உச்சி 8,848 மீட்டர். நம்ம மலை ஆயிரத்துக்கும் ஆயிரத்து முந்நூறுக்கும் நடுவுல. நியாயமா வார்டு மெம்பருக்கு 'கொல்லிமலை வெற்றி'ன்னு போட்டிருக்கலாம். ஒருத்தனும் போட மாட்டேங்கறான். மலை மேல குடியிருக்கிறவனுக்கே தன் மலை சின்னதாத் தெரியுது.

ஆனா பேச்சுல நம்ம ஜனங்க வெவரமானவங்க. பிரச்சினைதான் பூதாகாரமாகும்; சந்தோசம் பூதாகாரமாகாது. அலைக்கும் குழாய்க்கும் கிரேனுக்கும் ராட்சதம் வரும், அன்புக்கு வராது. கரூர், திருச்சிப் பக்கம் காவிரியை அகண்ட காவிரின்னு சொல்றது நீளத்துக்கில்ல, அகலத்துக்கு. ஆளைச் சொல்லும்போது பார்: பெரிய ஆளுன்னா செல்வாக்கு, பருத்த ஆளுன்னா உடம்பு, நெடிய ஆளுன்னா உசரம், பெரியவர்னா மரியாதை. இங்கிலீசுலயும் இதே கூத்துதான். பிக் மேன்னா செல்வாக்கானவன், லார்ஜ் மேன்னா இடுப்பு பெருத்தவன், கிரேட் மேன்னா மகான். மூணையும் மாத்திப் போட்டா ஒண்ணு வேலை போகும், இல்ல சம்பந்தம் போகும். பொண்ணு பார்க்க வந்தவனை 'ஆஜானுபாகு'ன்னு உங்க சித்தப்பன் ஒரு தடவை புகழ்ந்தான். முழங்கால் வரைக்கும் கை தொங்கறவன்னு அதுக்குப் பொருள். பொண்ணு வீட்டுல ஒரு கெழவி எட்டிப் பார்த்து அவன் கையைத்தான் அளந்துச்சு.

செம்மேட்டுல முன்னே ஒரு தமிழய்யா இருந்தார். காப்பி குடுத்தா இலக்கணம் சொல்லுவார், குடுக்கலைன்னாலும் சொல்லுவார். தொல்காப்பியத்துல உரியியல்னு ஒரு பகுதி இருக்காம். தட, கய, நளி, இந்த மூணு சொல்லுக்கும் பெருமைன்னு பொருள் சொல்லிட்டு, அதோட விடலையாம். தடங்கறது வளைவையும் காட்டும், கயங்கறது மென்மையையும் காட்டும், நளிங்கறது செறிவையும் காட்டும்னு பிரிச்சு வெச்சிருக்காம். நல்லாக் கவனி. வளைஞ்ச பெரிசு, மெத்துன்னு பெரிசு, அடர்ந்த பெரிசு. யானைத் துதிக்கையைத் தடக்கைன்னு சொன்னா அதோட பருமனும் வளைவும் ஒரே சொல்லுல வந்துருது. வெள்ளைக்காரன் வாஸ்ட்டுக்கும் மாசிவ்வுக்கும் பிரிச்சானே, அந்தக் கணக்கை நம்மாளும் போட்டுத்தான் வெச்சிருந்தான். நாமதான் மூணையும் மறந்துட்டு 'மாபெரும்'னு ஒரே முத்திரை குத்திக்கிட்டிருக்கோம்.

இந்த மலையோட ராசாவையே எடுத்துக்கோ. செம்மேட்டுல குதிரை மேல சிலையா நிக்கிறாரே வல்வில் ஓரி, ஆடிப் பதினெட்டுக்கு அரசாங்கம் விழா எடுக்குதே, அவரேதான். வன்பரணர்னு ஒரு புலவர் புறநானூத்துல, 152-ஆம் பாட்டுல, அவர் விட்ட ஒரே அம்பு அஞ்சு உசுரைத் துளைச்சுப் போன கதையைச் சொல்றார். யானை, புலி, மான், பன்றி, கடைசியா புத்துக்குள்ள இருந்த உடும்பு. இதைவிடப் பெரிய புளுகு இந்த மலையில எவனும் விட்டதில்ல. நீ உன் போர்டுல விட்டதெல்லாம் தூசு.

ஆனா தமிழய்யா ஒண்ணு காட்டினார். அவ்வளவு பெரிய புளுகுலயும் புலவர் யானையை இம்மாம் பெரிய யானைன்னு சொல்லலையாம். புலிக்குப் பொளந்த வாயைச் சொன்னார். மானுக்குப் புள்ளியையும் கொம்புத் தலையையும் சொன்னார். பன்னிக்கு உரல் கணக்கா இருக்கிற தலையைச் சொன்னார். உடும்புக்கு அது கெடந்த புத்தைச் சொன்னார். பெரிசுலேர்ந்து சிறுசுக்கு வரிசையா எறங்கி வர்றார் பாரு, யானையில ஆரம்பிச்சு உடும்புல முடிக்கிறார். அம்போட பலம் எவ்வளவுன்னு நாமளே கணக்குப் போட்டுக்கறோம். அதனாலதான் புளுகுன்னு தெரிஞ்சும் ரெண்டாயிரம் வருசமா நம்பிக்கிட்டிருக்கோம். உன் புளுகை ஒரு சீசன்கூட நம்ப மாட்டேங்கறாங்களே, ஏன்? நீ எதைப் பார்த்தேன்னு சொல்லாம, எவ்வளவு அசந்தேன்னு மட்டும் சொல்றே.

ஆகாய கங்கை அருவியை 'நயாகராவைப் போன்ற'ன்னு உன் போன்ல போட்டிருக்கியாம். நயாகராவுல குதிரைலாடம் மாதிரி வளைஞ்ச பக்கத்துல தண்ணி விழற உசரம் 57 மீட்டர்தான், 190 அடிக்குள்ள. நம்ம ஆகாய கங்கை கிட்டத்தட்ட 300 அடி. உசரத்துல நாமதான் அண்ணன். ஆனா அவங்க அருவி அரைக் கிலோமீட்டருக்கும் மேல அகலம். கோடையிலயும் நிக்காம கொட்டுது. நம்ம அருவியா விழற அய்யாறு சித்திரையில மெலிஞ்சு நூலாத் தொங்கும். அப்போ எது பெரிசு? எப்படிப் பெரிசுன்னு கேட்டாத்தான் பதிலே உண்டு. அவங்களது மாசிவ், நம்மளது நெடுசு. 'ஆயிரத்துக்கு மேல படி எறங்கணும், அப்புறம் அதே படியை ஏறணும்'னு எழுது. முழங்கால் வலிக்காரனும் முன்கூட்டியே புரிஞ்சுக்குவான், உன்னைத் திட்டாம ஊர் போய்ச் சேருவான்.

நெசமாப் பெரிசா இருக்கிறது பெரிய சொல்லைத் தேடாதுடா. தஞ்சாவூர்ல ராசராசன் 1010-ல கட்டி முடிச்ச கோயிலோட விமானம் 216 அடி. ஜனங்க அதுக்கு வெச்ச பேரு பெரிய கோயில். மூணு வயசுப் பிள்ளைக்கும் தெரிஞ்ச சொல்லு. பிரம்மாண்டக் கோயில், மாபெரும் கோயில்னு எவனும் பேரு வைக்கல. சின்னச் சொல்லு தாங்குது, ஏன்னா கீழ கருங்கல்லு இருக்கு.

நம்ம ஊரு பேரே அதுக்குப் பாடம். ஆலத்தூர் நாடுன்னு சொன்னா அடிவாரத்துக்காரன் தனி ராஜாங்கம், தனிக் கொடின்னு நெனைச்சுக்கறான். இந்த ஒரே மலையில இந்த மாதிரி 14 நாடு. வெளிநாடு போயிட்டு வந்தேன்னு பெருமை பேசறவன்கிட்ட நான் காலையில குண்டூர் நாட்டுக்குப் போயிட்டு, மதியம் வளப்பூர் நாட்டுல சாப்பிட்டுட்டு, பொழுது சாய வீடு வந்துட்டேன்னு சொல்லுவேன். ஆனா இது நம்ம பவுசு இல்ல. சோழர் காலத்துல நாலு ஊர் சேர்ந்தா நாடு, நாடுங்க சேர்ந்தா வளநாடு, அதுக்கு மேல மண்டலம். சரியான அளவுக்கு சரியான சொல்லாத்தான் அன்னிக்கு இருந்துச்சு. மத்தவங்க நாடு பெருத்துப் போச்சு. நம்மளது சொன்ன அளவுலயே நிக்குது.

அதனால போர்டை இப்படி எழுது: ரூம் பத்துக்குப் பன்னெண்டு அடி. காப்பியும் மிளகும் இருக்கிற தோட்டம், சில்வர் ஓக் நிழல். காலையில களியும் கீரைக் கடைசலும். பனி விலகுனா அடிவாரம் தெரியும், விலகலைன்னா பனி தெரியும். பலாப்பழக் காலத்துல வந்தா, ஒரு ஆளால தூக்க முடியாத பழம் ஒண்ணைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுவோம். அளவைப் போட்டவன் மேல எவனும் கேஸ் போட முடியாது. தூக்கிப் பார்த்தவன் அந்தப் பழம் எம்மாம் பெரிசுன்னு ஊருல போய் அவனே சொல்லிக்குவான், அதுவும் உன்னைவிட நல்லாப் புளுகி.

கடைசியா ஒண்ணு. தங்கச்சி போர்டு முழுக்கப் படிச்சு முடிச்சுது. கட்டிலுக்கும் இட்லிக்கும் நெருப்புக்கும் அத்தனை பெரிய சொல்லைத் தேடினியே, வாடகை எழுதின மூலையில மட்டும் சின்னதா ஒரு சொல்லு போட்டிருக்கே: 'ஜஸ்ட்.' ஜஸ்ட் ரூ. 4,999. ஏன்டா பேராண்டி, அந்தப் போர்டுலயே நெசமாப் பெரிசா இருக்கிறது அது ஒண்ணுதானே!